வாசலுக்குக் கான்கிரீட் வேண்டாம்

ஏப்ரல் 4

அப்பா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

இன்று காலை மேஸ்திரி மாமா ஒரு டெம்போ ஜல்லியோடு வந்து நின்றார். "வாசல் முழுக்கக் கான்கிரீட் போட்டு, அதுல ஒரு கடை கட்டச் சொல்லியிருக்காரு உங்கப்பா. உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா உடனே அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சைக்கிளை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். கொஞ்ச நேரம் கோபப்பட்டார். பிறகு, "அப்பனும் மகளும் பேசி முடிங்க" என்று சொல்லி ஜல்லியைத் தெருவோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

போனில் உங்களிடம் பேச முடியாது அப்பா. நீங்கள் பேசி முடிப்பதற்குள் நான் "சரிப்பா" என்று சொல்லிவிடுவேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிப்பேன். அதனால்தான் கடிதம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

நீங்கள் கடைசியாக வந்து போன பிறகு, குழாய் பதிக்கிறேன் என்று தெருவில் பள்ளம் தோண்டினார்களே, அதில் நம் வீட்டுக்கும் நர்ஸ் அக்கா வீட்டுக்கும் பஸ் டிரைவர் மாமா வீட்டுக்கும் நடுவில் இருந்த குட்டிச் சுவர்கள் இரண்டும் விழுந்துவிட்டன. மூன்று வீட்டு வாசலும் ஒன்றாகிவிட்டது. சுவரை யார் கட்டுவது என்று பேசிக்கொண்டே ஒரு மாதம் போனது. அதற்குள் கிளறிவிட்ட மண்ணில் தும்பை முளைத்தது. யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. அதில் ஒரு நாள் காலை பதினோரு பட்டாம்பூச்சி. நர்ஸ் அக்கா டூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று எண்ணினாள். "கடையில வாங்கி வச்ச ரோஜா ஆறும் செத்துப்போச்சு. இது பாருடி, கேட்பாரே இல்லாம நிக்குது" என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தோம். சுவர் வேண்டாம். இந்த மண்ணில் தானாக வரக்கூடியதை மட்டும் வைத்து மூன்று வாசலுக்கும் சேர்த்து ஒரு தோட்டம். டிரைவர் மாமா பஸ் ரூட் முடிகிற இடத்தில் நிற்கும் பத்து நிமிடத்தில் காட்டோரம் விதை பொறுக்கி, பழைய டிக்கெட் தாளில் மடித்துக் கொண்டுவருவார். நர்ஸ் அக்கா போனில் படம் பிடித்து இது என்ன செடி என்று தேடுவாள். வரைவது என் வேலை. நாற்பது நாள், மணிக்கு ஒரு தடவை, வெயில் எங்கே விழுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பழைய கயிற்றைத் தரையில் வளைத்துப் போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி போட்டுப் பாத்தி பிரித்தேன்.

அந்த இடத்தில் கான்கிரீட் போடக் கூடாது. மேஸ்திரி மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தைலம் இருக்கிறதா?

உங்கள் மகள்


ஏப்ரல் 15

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை வேலையிடத்தில் நாங்கள் தங்கும் ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். நான் படிக்கிற முகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரன், "என்னண்ணே, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

பதினேழு வயதில் வாயைத் திறக்காத பிள்ளை நாலு பக்கம் எழுதுகிறது. சந்தோஷம். ஆனால் விஷயம் வேறு.

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் வாசல் என்றால் சேறுதான். பள்ளிக்கூடத்துக்குப் போனால் என் கால் போன இடமெல்லாம் சேறு. கடைசி பெஞ்சில் கூட உட்கார விட மாட்டார்கள். என்றைக்காவது எனக்கு ஒரு வீடு வந்தால் வாசலில் ஒரு பிடி மண் இருக்கக் கூடாது என்று அப்போதே நினைத்தவன் நான். ஊரான் வீட்டுக்கெல்லாம் கம்பி கட்டுகிறேன். என் வாசலில் புல் முளைத்துக் கிடக்கிறது. பாம்பு வந்தால் உன் நர்ஸ் அக்கா ஊசி போடுவாளா?

கடை விஷயம் உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். ஜெராக்ஸ் கடை. உன்னைப் பற்றி நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். நீ யாரிடமும் பேச வேண்டியதில்லை. காகிதத்தை வாங்கி மெஷினில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். பத்தடிக்கு எட்டடி, ஒரு ஷட்டர், ஒரு ஃபேன். எனக்குப் பிறகு நீ யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவள் நீ. இந்தச் செடி மோகம் எத்தனை நாளைக்கு?

இன்னொன்று. டிரைவர் வீட்டு மூலை பள்ளம். மழை வந்தால் தெருத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். வீடு கட்டும்போது முழங்கால் தண்ணீரில் நின்று அஸ்திவாரம் போட்டவன் நான். கான்கிரீட் போட்டு மேடாக்கினால்தான் விடிவு. அது தெரியாமல் கயிறு போட்டு விளையாடுகிறீர்கள்.

அடம் பிடிக்காதே.

அப்பா


ஏப்ரல் 27

அப்பா,

பள்ள மூலை பற்றி எழுதியதற்கு நன்றி. சுவர் மறைத்ததால் அது எனக்கும் நர்ஸ் அக்காவுக்கும் தெரியாது. டிரைவர் மாமாவே குடி வந்து இரண்டு வருஷம்தான், அந்த இரண்டு வருஷமும் சரியான மழை இல்லை. அந்த மூலையில் நொச்சி வைப்பதாக இருந்தேன். இப்போது அதை மேட்டுக்கு மாற்றிவிட்டேன். பள்ளத்தைத் தூர்க்கப் போவதில்லை. இன்னும் ஒரு அடி தோண்டி, தண்ணீரில் நிற்கக்கூடிய கோரையை அங்கே வைக்கிறோம். வருகிற தண்ணீர் வரட்டும், நின்று இறங்கட்டும்.

இப்போது நீங்கள் எழுதிய மற்றதற்கு வருகிறேன்.

நான் ஓடி வரவில்லை. அதை யார் உங்களிடம் சொன்னது? எழுந்து நின்று சத்தமாகப் படி என்றார் டீச்சர். என்னால் முடியவில்லை. படிக்கும் வரை நில் என்றார். பத்தொன்பது நாள் அந்தப் பீரியட் முழுக்க நின்றேன். இருபதாவது நாள் புத்தகங்களைப் பையில் அடுக்கி, ஜிப் போட்டு, டிஃபன் பாக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாக நடந்து வெளியே வந்தேன். ஓடியவர்கள் டிஃபன் பாக்ஸைத் தேட மாட்டார்கள்.

அன்றைக்கு நீங்கள் போனில், "உனக்கு அவ்வளவுதான் வரும்" என்றீர்கள். நான் "சரிப்பா" என்றேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குப் பேச வராது என்பதற்காக என்னை எட்டடி அறைக்குள் வைத்து ஷட்டர் போட வேண்டுமா? யோசித்துத்தான் முடிவு செய்தேன் என்கிறீர்கள். என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி எப்படி யோசித்தீர்கள்?

நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கேள்விப்பட்டால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே பிளான் நீங்கள் வீட்டில் விட்டுப்போன பழைய கம்பி டிராயிங்தான். அதன் பின்பக்கத்தில்தான் தோட்டத்தை வரைந்தேன். வரைந்ததோடு விட்டிருக்கலாம். தும்பை நாற்றையும் அதில் கம்பிக்குக் குறித்திருந்தபடியே ஆறு இன்ச் சென்டரில், ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக, குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து நட்டுவிட்டேன். நூற்று நாற்பத்து நாலு நாற்று. நர்ஸ் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, இது தோட்டமா, மொட்டைமாடி ஸ்லாபா?" என்றாள். டிரைவர் மாமா, "மேல கலவை எப்போ ஊத்துறாங்க?" என்று கேட்டார். மூன்று வாரத்தில் ஒன்றை ஒன்று நெருக்கிப் பாதி செத்துவிட்டது. கம்பி வளராது, செடி வளரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மீதியைப் பிடுங்கிக் கூட்டம் கூட்டமாக, அங்கங்கே இடம் விட்டு நட்டோம்.

தப்பு செய்தேன், ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கடை வேண்டாம்.

உங்கள் மகள்


மே 12

மகளுக்கு,

ஆறு இன்ச் சென்டரைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். கட்டுக்கம்பியும் போட்டிருந்தால் செடி விழாமல் நின்றிருக்கும்.

பத்தொன்பது நாள் நின்றதை நீ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கும் தெரியாது என்கிறாள். இப்படி எல்லாவற்றையும் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டால் அப்பனுக்கு ஜோசியமா தெரியும்?

அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. செடியால் வாழ முடியாது. மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கும் வேலை வேண்டும். ஜூன் இரண்டாம் தேதி நாலு நாள் லீவில் வருகிறேன். நானே நின்று போடுகிறேன். டிரைவர் வீட்டுப் பக்கமும் நர்ஸ் வீட்டுப் பக்கமும் அவரவர் என்ன வேண்டுமானாலும் வளர்க்கட்டும். நம் வீட்டு அகலத்துக்குள் என் சொல்தான்.

அதற்குள் உன் செடியை எடுத்து ஓரமாக வைத்துக்கொள். இரக்கப்பட்டுச் சொல்கிறேன்.

அப்பா


ஜூன் 11

அப்பா,

நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் என்னிடம் "தண்ணி கொண்டா" என்றீர்கள். நான் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் பேசினோம்.

மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, நானும் நர்ஸ் அக்காவும் அவள் வீட்டுப் பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வாசலில் இறங்கினீர்கள். நான் செடிகளை எடுத்து வைக்கவில்லை. எடுத்தால் சம்மதம் என்று ஆகிவிடும். நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தீர்கள். வேர் அறுந்துவிடாமல் மெதுவாகத்தான் எடுத்தீர்கள், பார்த்தேன். அப்புறம் பத்துக்கு எட்டு, நாலு இன்ச் கனம். வாசல் தளத்துக்கு யாராவது கம்பி கட்டுவார்களா? நீங்கள் கட்டினீர்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மேஸ்திரி மாமா, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

ஐந்தாம் தேதி கிளம்பும்போது அம்மாவிடம், "ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணி ஊத்து, காய விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் வீண் என்று முந்தின நாள் அம்மாவிடம் சொன்னவரும் நீங்கள்தான். அம்மா ஒரு நாள் ஊற்றினாள். இரண்டாம் நாள் குடத்தை வைத்துவிட்டு, "எனக்கு இடுப்பு வலிக்குது, நீ ஊத்துறியா?" என்று என்னைக் கேட்டாள். ஊற்ற மாட்டேன் என்றேன். "அப்போ எனக்கும் வலிக்குது" என்று உள்ளே போய்விட்டாள். வெயில் தன் வேலையைப் பார்த்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதை உடைத்துவிட்டோம்.

ஒளித்துச் செய்யவில்லை. காலை எட்டு மணிக்கு, தெருவே பார்க்க. டிரைவர் மாமா டெப்போவிலிருந்து சம்மட்டி கேட்டு வாங்கி வந்தார். முதல் அடியை என்னை அடிக்கச் சொன்னார்கள். "உங்கப்பா வீடு, நீதான் ஆரம்பிக்கணும். அப்புறம் நாங்க மாட்டிக்கக் கூடாது பாரு" என்றார் மாமா. நடுவில் ஓங்கி அடித்தேன். சம்மட்டி துள்ளி என் கையே மரத்துப்போனது, தளத்தில் ஒரு கீறல் இல்லை. நர்ஸ் அக்கா கட்டுப் போடத் துணியோடு நின்றாள். பத்து அடிக்குப் பிறகு ஒரு மூலை பெயர்ந்தது. சாயங்காலம் வரை ஆனது.

சில்லுகளைப் பாத்தி ஓரத்துக்குக் கரையாக அடுக்கிவிட்டோம். கம்பிச் சல்லடை முழுசாக வந்தது. ஒரு முடிச்சு கூட அவிழவில்லை அப்பா. உங்கள் கட்டு அது. அதை நிமிர்த்திச் சுவரோரம் நட்டுவைத்தோம், பிரண்டை ஏறட்டும் என்று.

என்னை அடிக்க வேண்டுமானால் அடுத்த லீவுக்கு வந்து அடியுங்கள். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அம்மா சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

உங்கள் மகள்


ஜூன் 22

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பேனாவை எடுத்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதனால் வைத்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மாடிக்குக் கம்பி கட்டினேன் என்று கணக்கு இல்லை. கட்டிடம் எழும்பிய பிறகு எந்த ஒன்றுக்குள்ளும் என்னை விட மாட்டார்கள். கேட்டிலேயே நிறுத்திவிடுவான் வாட்ச்மேன். நம் வீட்டுக்கு மேலே ஓடுதான், என் வீட்டுக்கு என்று நான் போட்ட முதல் தளம் அது. ஏழே நாள்தான் நின்றது. உடைத்தது வேறு யாராவது என்றால் கிளம்பி வந்திருப்பேன்.

டிரைவரிடம் சொல், அவன் சம்மட்டி பிடித்த லட்சணத்தை நான் பார்க்காமலே சொல்வேன். நடுவில் யாராவது அடிப்பார்களா? ஓரத்தில் அடியில் மண்ணைத் தோண்டிவிட்டு, கடப்பாரையால் நெம்பிக்கொண்டே அடித்தால் மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும். கையில் கொப்புளம் வந்திருக்குமே. உடைத்து ஊசி போட்டுக்கொண்டாயா?

சரி, கேள். நானும் இறங்கி வருகிறேன். கடை எட்டுக்கு ஆறாக இருக்கட்டும். ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். மீதி உன் செடிக்கு. மேஸ்திரியிடம் நான் பேசுகிறேன். பாதிக்குப் பாதி. இதற்கு மேல் எந்த அப்பனும் இறங்க மாட்டான்.

மழை வந்ததா? அந்த மூலையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது? பொய் சொல்லாமல் எழுது.

அப்பா


ஜூலை 6

அப்பா,

பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நீங்கள் சொன்ன மாதிரியே தெருத் தண்ணீர் முழுக்க டிரைவர் மாமா வீட்டு மூலைக்கு வந்தது. நான் குடையோடு ஒரு குச்சியை நட்டு, இன்ச் குறித்துக்கொண்டு நின்றேன். பதினொரு இன்ச் ஏறியது. மாமா வாசற்படியில் நின்று, "உங்கப்பன் சொன்னது சரிதான் போலிருக்கே, நான் இப்போ கட்டிலைத் தூக்கட்டுமா வேண்டாமா?" என்று கத்தினார். எனக்கும் பயம்தான். மழை நின்ற பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் தண்ணீர் நின்றது. அப்புறம் மண் குடித்துவிட்டது. படி ஏறவில்லை. மேட்டில் வைத்த நொச்சியில் இரண்டு சாய்ந்துவிட்டது, தும்பை ஒரு கூட்டம் அடித்துக்கொண்டு போனது. கோரை அப்படியே நிற்கிறது. மறுநாள் அந்த மூலையில் தவளை கத்தியது. அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றாள்.

பாம்பு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

கொப்புளம் ஆறிவிட்டது. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நர்ஸ் அக்காவுக்கு வருத்தம்.

ஓரத்தில் தோண்டி நெம்ப வேண்டும் என்று எழுதினீர்களே, அது மிகவும் உதவியாக இருந்தது. தெருமுனையில் தையல்கார அக்கா வீட்டு வாசலில் ஒரு பழைய தளம் இருந்தது. எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு, அவளும் அதை எடுத்துவிட்டுச் செடி வைக்க வேண்டும் என்று வந்து கேட்டாள். நர்ஸ் அக்காவைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்கவில்லை. "வரைஞ்சது நீதானே?" என்று என்னைக் கேட்டாள். போய் அளந்தேன். எந்தப் பக்கம் வெயில் வரும், எத்தனை மணிக்குப் போகும், மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று மூன்று கேள்வி கேட்டேன். வாயால்தான் கேட்டேன். அவள் பதில் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். தளத்தை மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டோம். அதற்கு அடுத்த வீட்டிலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். செடியால் வாழ முடியாது என்றீர்கள். முடியுமா முடியாதா என்று எனக்கும் தெரியாது. பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். நீங்கள் முன்கூட்டிச் சொல்வதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் முதல் தளம் அது என்று எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று சாப்பிடவில்லை. ஆனால் தெரிந்திருந்தாலும் உடைத்திருப்பேன். அழுதுகொண்டு உடைத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிக்குப் பாதி வேண்டாம். எட்டுக்கு ஆறும் வேண்டாம். அந்த அறை எத்தனை சின்னதாக இருந்தாலும், நான் உள்ளே உட்காரப் போவதில்லை. மேஸ்திரி மாமாவை நானே போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டேன். தையல்கார அக்கா வீட்டுக்கு நடைபாதைக் கல் பதிக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டேன். வந்தார். வேலையும் செய்தார், நாள் முழுக்க முணுமுணுத்தார்.

வாசலில் உங்களுக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன். பிளானை இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். படிக்கு வலது பக்கம், நாலுக்கு நாலு. காலையில் மூன்று மணி நேரம் வெயில் உண்டு, தண்ணீர் நிற்காது. வெறும் மண்ணாகவே கிடக்கிறது. அதில் என்ன வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வேலையிடத்தில் தானாக முளைத்து நிற்கிற ஏதாவது ஒன்று, இந்த மண்ணுக்கும் வரக்கூடியது. சிமெண்டு செடி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுதுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அங்கே எருக்கு வைத்துவிடுவேன். நீங்கள் வரும்போது அது உங்கள் தோள் உயரம் இருக்கும்.

உங்கள் மகள்